பாவாடை கட்டிய சர்க்கரை

சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பத்துப் பெண்குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனால் அவளை அநேகமாகப் பார்த்துவிடலாம். மேசையின் நடுவில், இடுப்புக்கு மேலே பிளாஸ்டிக்கும் இடுப்புக்குக் கீழே கேக்குமாக நிற்பாள். அவள் பாவாடை முழுவதும் ஃபாண்டன்ட், அதாவது சப்பாத்தி மாவுபோல் தேய்த்து விரிக்கும் சர்க்கரைப் பிசைவு. வீட்டில் கேக் செய்யப் பழகுகிறவர்கள் வட்டமும் சதுரமும் கைவந்ததும் அடுத்து ஆசைப்படுவது இந்தப் பொம்மை கேக்குக்குத்தான். நேற்று வந்த மேல்நாட்டுச் சரக்கு என்று இவளைப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இவளுக்கு ஓர் ஊர் கிடையாது. ஒருவர் செய்ததைப் பார்த்து இன்னொருவர் தமக்கேற்ப மாற்றி, அதைப் பார்த்து மூன்றாமவர் மாற்றி, அப்படியே உருவானவள். அந்தப் பயணத்தின் முதல் அடி நம் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் விழுந்தது.

கரும்புச்சாற்றைக் காய்ச்சி மணிமணியாக உறையவைக்கும் நுட்பம் இந்தியாவில் பிறந்தது. அதைக் கற்றுவரச் சொல்லிச் சீனப் பேரரசர் தைசோங் 647இல் மகதத்துக்கு ஆள் அனுப்பினார். மேற்கே அதே நுட்பம் பாரசீகம் வழியாக அரபு நாடுகளுக்குப் போய் எகிப்தில் ஊன்றியது. பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ 1040களில் கெய்ரோ அரண்மனையில் நோன்புப் பெருநாள் விருந்து மண்டபத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே ஓர் ஆரஞ்சு மரம் நின்றது. கிளை, இலை, பழம் எல்லாமே சர்க்கரை. சுற்றிலும் ஆயிரக்கணக்கான சர்க்கரை உருவங்கள். நபிகள் பிறந்தநாளில் எகிப்தியச் சிறுமிகளுக்கு இன்றும் ஒரு பொம்மை தருவார்கள். சூடான பாகை மர அச்சில் ஊற்றி எடுத்த மணப்பெண் அவள். இடுப்பில் கை, விரிந்த பாவாடை, முதுகுக்குப் பின்னால் வண்ணக் காகித விசிறிகள். பாத்திமித் கலீஃபாக்கள் காலத்து வழக்கம் என்று அந்த ஊரார் சொல்கிறார்கள். சர்க்கரையில் பாவாடைப் பெண்ணைச் செய்யும் எண்ணத்துக்கு நான் அறிந்த மிக மூத்த உறவுக்காரி இவள்தான்.

எகிப்தியச் சர்க்கரையை வெனிஸ் வணிகர்கள் கப்பலேற்றினார்கள். சரக்கோடு வேடிக்கையும் ஏறியது. 1574இல் பிரான்சு அரசர் மூன்றாம் ஹென்றி வெனிஸுக்கு வந்தபோது விருந்து மேசையில் தட்டு, கத்தி, கைத்துண்டு வரை சர்க்கரையில் செய்து வைத்தார்கள். அரசர் கைத்துண்டை எடுத்தார். அது விரலிடையே நொறுங்கியது. இதற்கான செய்முறை ஒன்றும் இரகசியமாக இல்லை. 1555இல் அதே வெனிஸில் அலெஸ்ஸியோ பியெமொன்தெஸே என்ற பெயரில் வந்த ‘இரகசியங்கள்’ நூலிலேயே அது அச்சாகிவிட்டது. பாரசீக மலைச்செடியிலிருந்து வடியும் டிராகாகந்த் பிசினைப் பன்னீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் முட்டை வெள்ளையும் தூள் சர்க்கரையும் சேர்த்துப் பிசைய வேண்டும். அந்த மாவில் கிண்ணமும் தட்டும் செய்து, விருந்து முடிந்ததும் அவற்றையே உடைத்துத் தின்னலாம். ஃபாண்டன்டின் முன்னோடி இது. மூன்றே ஆண்டுகளில் நூல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. ஆங்கிலேயச் சீமாட்டிகள் அடுக்களையில் இறங்கிவிட்டார்கள்.

அந்தக் காலச் சர்க்கரை மருந்துக் கடையில் நிறுத்துத் தரும் பொருள். அது எல்லார் வீட்டுக்கும் வந்ததற்குக் காரணம் கரீபியத் தீவுகளில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் உழைப்பு. 1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை முடிந்ததும் தோட்ட முதலாளிகளின் பார்வை நம்மவர் மேல் விழுந்தது. மொரிஷியஸ், நாட்டால், ஃபிஜி என்று கரும்பு போன இடமெல்லாம் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள வெல்லஸ்லி மாநிலத்துக் கரும்புத் தோட்டங்களிலும் தமிழர் கைகள் வெட்டின. பொம்மை கேக்கின் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டக்கூடாது.

சிங்கப்பூரிலும் கரும்பு போட்டுப் பார்த்தார் ஒருவர். சிராங்கூன் சாலையில் தேக்காவிலிருந்து வடக்கே நடந்தால் பாலஸ்டியர் சாலை வரும். அந்தப் பெயருக்கு உரிய ஜோசஃப் பாலஸ்டியர் இங்கே இருந்த முதல் அமெரிக்கத் தூதர். 1830களில் அந்தச் சமவெளியில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் கரும்புத் தோட்டம் வைத்தார். அவர் மனைவி மரியா, அமெரிக்க விடுதலைப் போரில் குதிரைச் சவாரியால் பேர்பெற்ற பால் ரெவியரின் மகள். 1843இல் மரியா செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குக் கொடுத்த மணி இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. தோட்டம் தோற்றது, சாலை நிலைத்தது. இன்று லிட்டில் இந்தியாவில் ஐசிங் சர்க்கரை வாங்கிப் போகிறவர்கள் அந்தப் பழைய கரும்பு நிலத்தின் விளிம்பில்தான் நடக்கிறார்கள்.

இனி பொம்மையின் பக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் துரிங்கியா பீங்கான் ஆலைகள் அரைப் பொம்மைகளை வார்த்தன. தலை, கழுத்து, கை, இடுப்பு, அவ்வளவுதான். இடுப்பின் அடியில் தையலுக்குத் துளைகள். வாங்குகிறவர் கீழே துணிப் பாவாடை தைத்து, குண்டூசி குத்தும் மெத்தையாகவோ தேநீர்க் கெண்டியின் சூட்டைக் காக்கும் உறையாகவோ மாற்றிக்கொள்வார். கெண்டியை மறைத்த பாவாடைக்கும் கேக்கை மறைக்கும் பாவாடைக்கும் இடையில் எவ்வளவு சிறிய தாவல்! சிகாகோவின் வில்டன் நிறுவனம் பின்னாளில் விற்ற கேக் பொம்மையும் இதே அரை உடல்தான். தையல் துளைக்குப் பதில் கீழே ஒரு முள். மணி வடிவ அச்சில் சுட்ட கேக்கில் குத்தி நிறுத்த வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியர்கள் இந்தப் பொம்மை கேக்கை டாலி வார்டன் என்பார்கள். 1841இல் டிக்கன்ஸ் எழுதிய ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் வரும் சிங்காரி அவள். 1870களில் அவள் பெயரில் பூப்போட்ட உடுப்பும் தொப்பியும் விற்றன. ஒரு மீனுக்குக்கூட அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசியில் பாவாடை கேக்குக்கும் வந்தது. 1980இல் ‘ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி’ வெளியிட்ட பிறந்தநாள் கேக் புத்தகம் அவளை வீடுவீடாகக் கொண்டுபோனது.

பார்பியும் ஒரு நகல்தான். அவளை உருவாக்கிய ரூத் ஹாண்ட்லர் 1956இல் சுவிட்சர்லாந்தில் பில்ட் லில்லி என்ற ஜெர்மன் பொம்மையைப் பார்த்து வாங்கி வந்தார்; 1959 மார்ச் 9இல் நியூயார்க் பொம்மைச் சந்தையில் பார்பி நின்றாள். கேக் பழகுகிறவர்களுக்கு அவள் தந்த தலைவலி அவளுடைய கால்கள். பதினொன்றரை அங்குல உயரத்தில் பாதிக்கு மேல் காலே இருக்கிறது. ஒரு கிண்ணத்தில் சுட்ட கேக்கில் இறக்கினால் தொடை வெளியே தெரியும். அடியில் இன்னும் ஒன்றிரண்டு வட்டக் கேக்குகளை அடுக்கி உயரம் சேர்த்தால்தான் பாவாடை இடுப்பைத் தொடும்.

பழைய பிசின் மாவு உலர்ந்தால் கல்லாகிவிடும். அதை வளையும் தகடாக்கிய பொருள்கள் வேறு எதற்கோ பிறந்தவை. 1811இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ஷாஃப் என்ற வேதியியலாளர், பீங்கான் தொழிலுக்கு வேண்டிய பிசினுக்கு மாற்றுத் தேடி மாச்சத்தை அமிலத்தில் கொதிக்கவைத்தார். இனிப்புப் பாகு வந்தது. அதுதான் குளுக்கோஸ் சிரப். கிளிசரின், சோப்புக் காய்ச்சும்போது மிஞ்சுவது. டிராகாகந்தின் இடத்தில் இப்போது நிற்கும் சி.எம்.சி. தூள், முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் மரக்கூழிலிருந்து எடுத்தது. ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்தோ மாட்டெலும்பிலிருந்தோ வருவது. ஒரே வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) மாடியில் மலாய்க் குடும்பமும் சைவ மாமியும் பக்கத்து வீட்டாராக இருக்கும் சிங்கப்பூரில் இது சின்ன விஷயமில்லை. ஹலால் முத்திரை இருக்கிறதா, தாவரப் பசையா என்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

1947 இந்த ஊர் நாக்குக்கு நல்ல ஆண்டு. சிராங்கூன் சாலையில் கோமள விலாஸ் தொடங்கியது. கேக் பொருள்களுக்குப் பேர்போன ஃபூன் ஹுவாட் கடையும் தொடங்கியது. கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் ஹாரி பேக்கர் என்ற முன்னாள் காப்பீட்டு முகவர், இருபது ஆண்டு மறைத்துவைத்த ஷிஃபான் கேக் செய்முறையை ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதிலிருந்து கிளைத்த பாண்டான் ஷிஃபான் இன்று சிங்கப்பூரின் செல்லம். ஆனால் பொம்மைக்கு அது ஆகாது. பஞ்சாக இருப்பதால் ஃபாண்டன்டின் பாரம் தாங்காமல் அமுங்கிவிடும். பாவாடைக்கு வெண்ணெய் கேக்தான் சரி, அதுவும் ஒரு நாள் குளிர்ந்து இறுகியது.

இந்த ஊரின் காற்றும் ஒரு கை பார்க்கும். ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும் பொருள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பொம்மை ஐந்து நிமிடத்தில் வியர்த்துப் பளபளப்பாள். தொட்டால் விரல் பதியும். கேக்கை வைத்த அட்டைப் பெட்டியைத் திறக்காமலே அறைச் சூட்டுக்கு வரவிட்டால் அந்த ஈரம் அட்டையின் மேல் படியும், அவள் மேல் படியாது. ஃபிரெஷ் கிரீம் அடியில் இருந்தால் ஃபாண்டன்ட் கரையும். அதனால் டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு சேர்த்த கெட்டியான கனாஷ் பூசுவது இந்த வெப்பத்துக்கு ஏற்றது. ஒட்டாமலிருக்கச் சோள மாவை அள்ளித் தூவினால் தகடு காய்ந்து மடிப்பெல்லாம் வெடிக்கும். விரலில் கொஞ்சம் வனஸ்பதி தடவிக்கொண்டால் போதும். பொம்மையைக் கழுவி, காலைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, கூந்தலையும் கட்டிவிட்டுத்தான் கேக்கில் இறக்க வேண்டும்.

முதன்முதலாகச் செய்கிறவர்களுக்கு என் விருப்பம் இளவரசி கவுனைவிடப் பட்டுப்பாவாடை. கவுனுக்கு வழவழப்பான ஒரே தகடு வேண்டும். சிறு கீறலும் கண்ணில் படும். பட்டுப்பாவாடையில் மடிப்பு கீறலை விழுங்கும், சரிகைக் கரை அடி விளிம்பை மூடும். நம் கைக்கும் இது புதிதல்ல. கல்யாணச் சீர்வரிசையில் கூம்பாக நிற்கும் பருப்புத்தேங்காய்க்கு ஜிகினா சுற்றி அழகு பார்த்த கைகள் இவை. கர்நாடகத்தில் சங்கராந்திக்கு மர அச்சில் கிளியும் கோபுரமும் சர்க்கரையில் வார்க்கிறார்கள். புடவை கொஞ்சம் கடினம். மாவில் ஒரு சிட்டிகை சி.எம்.சி. பிசைந்து இரண்டு மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தால் கொசுவம் நிற்கும். தங்கத்தூளை வோட்காவில் குழைத்துத் தீட்டுவது மேல்நாட்டு முறை. அது கூடாத வீடுகள் இங்கே நிறைய. அவர்கள் உலர்ந்த தூரிகையால் தூளைத் தேய்த்தே சரிகையை மின்னவைக்கிறார்கள். என் கண்ணுக்கு அதுதான் உண்மையான சரிகைக்கு நெருக்கம்.

தலையில் பூ வைக்காமல் இவளை அனுப்ப எந்தப் பாட்டியும் சம்மதிக்க மாட்டார். லிட்டில் இந்தியாவின் பஃப்ளோ ரோட்டில் பூச்சரம் வாங்கி வந்து சுற்றிவிடத்தான் கை போகும். ஆனால் கடைப்பூ தின்பதற்காக வளர்த்ததல்ல, மருந்து தெளித்திருக்கலாம், கேக்கில் படக்கூடாது. மிஞ்சிய வெள்ளை ஃபாண்டன்டை அரிசியளவு கிள்ளி உருட்டி, ஒரு முனையைக் கூராக்கி, நெருக்கமாக ஒட்டினால் மல்லிகை மொட்டு. முப்பது மொட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்; அவற்றை முதல் நாளே செய்து உலரவைத்துவிட்டால் விழா நாள் காலையில் பதற வேண்டியதில்லை.