கொழுந்தை மேலேற்றிய விசை

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலைகள் மூன்று, நான்கு மாடிகளாக உயர்ந்து நிற்பதற்குக் காரணம் கொழுந்தின் ஈரம். பறித்த கொழுந்தை உருட்டுவதற்கு முன் அதன் நீரில் ஒரு பகுதியைப் போக்கித் துவளச் செய்ய வேண்டும்; ‘வாட்டம்’ எனப்படும் இந்த வேலைக்குக் காற்றோட்டம் தேவை என்பதால், மேல்மாடிகளில் சாக்குத் துணி கட்டிய தட்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் கொழுந்தை மெல்லியதாகப் பரப்பினர். வாடிய கொழுந்து துவாரத்தின் வழியே தானாகவே கீழிறங்கி உருட்டும் பொறிக்குள் விழும். ஆனால் வாடாத கொழுந்தை மேலேற்றுவதற்கு விசை வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 4.5 கிலோ பச்சைக் கொழுந்து தேவைப்படுவதால், அப்படி மேலேற்றப்பட்ட பாரத்தில் பெரும்பகுதி தண்ணீரே. அந்தத் தண்ணீரைத் தூக்குவதற்கான விசையையும் நெடுங்காலம் தண்ணீரே தந்தது என்பது இத்தொழிலின் விந்தைகளுள் ஒன்று.

1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, உருட்டும் வேலை அவருடைய பங்களாத் திண்ணையில் கையாலேயே நடந்தது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அடுத்த இருபதாண்டுகளில் அழித்துவிட, அவை தேயிலைக்கு மாறின. 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் ரயில் பாதை வந்து சேர்ந்த பிறகே கனமான இரும்புப் பொறிகளை மலைக்குக் கொண்டுவருவது எளிதாயிற்று. ஓடைகளை மறித்துக் குழாய் வழியே இறக்கிய நீர் முதலில் பெருஞ்சக்கரங்களையும், பின்னர் டர்பைன் எனப்படும் நீர்ச்சுழலிகளையும் சுழற்றியது. அச்சுழற்சி தொழிற்சாலையின் நீளத்துக்கு ஓடிய ஒரே இரும்புத் தண்டுக்குச் செல்லும். உருட்டும் பொறி, சலிக்கும் பொறி, உலர்த்தியின் விசிறி, கொழுந்து மூட்டைகளை இழுத்தேற்றும் உருளை ஆகிய அனைத்தும் அத்தண்டிலிருந்து தோல்வார்களால் இயக்கம் பெற்றன. மழை குறையும் மாதங்களில் ஓடை சிறுத்தால் நீராவி எந்திரமும், பின்னாளில் எண்ணெய் எந்திரமும் துணைக்கு வந்தன. இத்தகைய எந்திரமொன்றை இன்று காண விரும்புவோர் கந்தப்பளையில் ஹோட்டலாக மாறிவிட்ட பழைய ஹெதர்செட் தொழிற்சாலைக்குச் செல்லலாம்.

ஒரே தண்டை நம்பிய இவ்வேற்பாட்டில் பழுது என்பது பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் அகப்படும் விஷயமாக இருந்தது. வார் நழுவினால் கிறீச்சிடும், கருகிய தோல் நாறும். தண்டைத் தாங்கும் பித்தளை உறை வறண்டால் கை வைத்த மாத்திரத்தில் சூடு தெரியும். மூட்டை பாதி வழியில் நின்றுபோனால் வாரைப் பார்ப்பது, அதற்குக் குங்கிலியப் பொடி தூவுவது, அதுவும் போதாவிடில் வெட்டிக் குறுக்கித் தைப்பது என்ற வரிசையில் வேலை நடந்தது. கொடிய விபத்துகளும் இந்த வார்களாலேயே நேர்ந்தன என்பதால், அக்காலத்தை ஏக்கத்தோடு நினைவுகூர்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை.

மின்சாரம் மலைக்கு வந்த வழி நேரானதன்று. ஆளுநர் வில்லியம் கிரகரி 1873இல் நுவரெலியாவில் அமைத்த ஏரியின் நீர், நகருக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் எனுமிடத்தில் சிறு மின்னிலையம் ஒன்றை இயக்கியது. இன்று உல்லாசப் பயணிகளின் விசைப்படகுகள் ஓடும் அந்த ஏரியே நுவரெலியாவின் மின்விளக்குகளுக்கு மூலமாயிற்று. அம்மின்னிலையத்தை உருவாக்கிய பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மஸ்கெலியா ஓயாவையும் கெஹெல்கமு ஓயாவையும் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் தர முடியும் என்று 1918இல் வாதிட்டார். 1924இல் தொடங்கிய லக்சபானா வேலை சில ஆண்டுகளில் நின்றுபோய், 1950இல்தான் 25 மெகாவாட் கொள்ளளவுடன் முதற் கட்டம் நிறைவெய்தியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் எழுந்தன. மவுசாகலையின் நீருக்கடியில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது, வறட்சியில் நீர் வற்றும்போது அதன் கோயில் வெளித்தெரிவதுண்டு.

தேசிய மின்வலையில் இணைந்த தொழிற்சாலைகளில் நீண்ட தண்டு மறைந்து, ஒவ்வொரு பொறிக்கும் தனி மோட்டார் வந்தது. கொழுந்தேற்றும் பொறி இப்போது மோட்டார், பற்சக்கரப் பெட்டி, கம்பிவடம் சுற்றும் உருளை, மின்சாரம் அற்றதும் தானே பிடித்துக்கொள்ளும் தடுப்பு ஆகியவற்றின் கூட்டாயிற்று. விசைப்படகில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றியிழுக்கும் மின்பொறியும் அடிப்படையில் இதே குடும்பம்தான். இரண்டிலும் பழுது கண்டறியும் முறையும் ஒன்றே. ஓசையே எழவில்லையெனில் குறைபாடு கட்டுப்பாட்டுச் சுற்றில், அதாவது பொத்தானிலோ, மூட்டை உச்சியை அடைந்ததும் ஓட்டத்தை நிறுத்தும் எல்லை ஆளியிலோ, ‘கொன்டாக்டர்’ எனப்படும் மின்காந்த ஆளியிலோ இருக்கும். மோட்டார் சுழன்றும் பாரம் ஏறவில்லையெனில் பற்சக்கரத்தையோ இணைப்பையோ நோக்க வேண்டும். மோட்டார் முனகிக்கொண்டு சுழல மறுத்தால், தடுப்பு விடுபடாமல் இறுகியிருக்கலாம், அல்லது போதிய மின்சாரம் அதற்கு வந்து சேராதிருக்கலாம். மூன்று பேஸ்களில் ஒன்றின் பியூஸ் எரிந்துபோவது தொழிற்சாலையில் இதற்கு வழக்கமான காரணம். படகிலோ 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 1,000 வாட் எடுக்க 80 ஆம்பியருக்கு மேல் பாய வேண்டியிருப்பதால், உப்புக்காற்றில் பச்சை பூத்த ஒரு முனையே மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். 400 வோல்ட் மும்முனை மின்சாரத்தில் அதே வேலைக்கு ஓரிரு ஆம்பியர் போதும். ஆனால் தொழிற்சாலையின் எதிரி வேறு: உலர்ந்த தேயிலையின் நுண்தூசியும் வாட்டமாடியின் ஈரமும் சேர்ந்து ஆளிகளின் தொடுமுனைகளில் படிகின்றன. பாரமின்றிச் சுழலும் மோட்டாரின் முனைகளில் மின்னழுத்தம் சரியாகக் காட்டிவிட்டு, பாரம் ஏற்றிய கணத்தில் சரிவது இத்தகைய முனைகளின் குணம் என்பதால், பாரத்தோடு அளந்த அளவையே நம்பலாம்.

இவ்வாறு பழுது காதைவிட்டு அளவுமானிக்கு இடம்பெயர்ந்தபோது, வாரைத் தைக்கத் தெரிந்த கைகளுக்கு மதிப்புக் குறைந்து, மின்வேலை கற்றவருக்கு மதிப்புக் கூடியது. மூட்டை சுமந்தவர்களின் வேலையில் அத்தகைய மாற்றம் ஏதும் நேரவில்லை. தொழிற்சாலையில் மோட்டார்கள் ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும், அதன் அருகே இருந்த ‘லயங்கள்’ எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்வலை வந்ததும் கைவிடப்பட்ட தோட்டத்து நீர்ச்சுழலிகளில் சில, 1990களின் நடுப்பகுதியில் சிறு நீர்மின் திட்டங்களைத் தனியார் தொடங்க வழி பிறந்ததும் மீண்டும் உயிர்பெற்றன. வலையோடு இணைந்த அத்தகைய நிலையங்களின் மின்சாரம் அவ்வலைக்கே விற்கப்படுகிறது, பக்கத்துத் தொழிற்சாலை தன் கொழுந்தை மேலேற்றத் தேவையானதை அதே வலையிலிருந்து விலைக்கு வாங்குகிறது.