தானே தூர் வாரும் டேட்டாபேஸ்

ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசல் பக்கம் ஏரித் தண்ணீரின் அருமை எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் தண்ணீரோடு வண்டலும் வந்து சேரும். தூர் வாராமல் விட்டால் கரை அப்படியே இருக்கும், ஏரி கொள்ளும் தண்ணீர் மட்டும் குறையும். கணினியில் தகவல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸிலும் இப்படித் தூர் சேர்வதுண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தன் தூரைத் தானே வாரக் கற்றுக்கொண்ட கதை சுவாரசியமானது.

1986-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் இதைத் தொடங்கினார். ஒரு பதிவைத் திருத்தினால் பழையதை அழிக்காமல் புதிய பிரதியைத் தனியாக எழுதுவது இதன் வழக்கம். அதனால் படிப்பவரும் திருத்துபவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நூறு முறை திருத்தினால் நூறு பழைய பிரதிகள் குப்பையாகக் கிடக்கும்! அதைக் கூட்டும் வேலைக்குப் பெயர் 'வாக்யூம்'.

ஆரம்பத்தில் வாக்யூம் ஓடும்போது அந்த டேபிளை வேறு யாரும் தொட முடியாது. 2002-ல் வந்த 7.2 பதிப்பு இந்தத் தடையை நீக்கியது. 2003-ல் மேத்யூ ஓ'கானர் எழுதிய 'ஆட்டோவாக்யூம்' தனி நிரலாக வந்தது. 2005-ல் அல்வாரோ ஹெர்ரேரா அதை டேட்டாபேஸுக்குள்ளேயே சேர்த்தார். 2008-ல் 8.3 பதிப்பிலிருந்து அது தானாகவே ஓடத் தொடங்கியது. அதே பதிப்பில் இந்தியரான பவன் தியோலசியின் 'ஹாட்' என்ற உத்தியும் வந்தது. இண்டெக்ஸில் உள்ள விவரம் மாறாத திருத்தங்களின் குப்பையை இது அந்தந்தப் பக்கத்திலேயே கூட்டிவிடும்.

தானாக ஓடினாலும் கவனிப்பு தேவை. டேபிளில் சுமார் 20 சதவீதம் குப்பை சேர்ந்த பிறகே ஆட்டோவாக்யூம் கிளம்பும். ஆயிரம் வரிக்கு இது சரி. பத்துக் கோடி வரிக்கு இரண்டு கோடி குப்பை சேரும்வரை காத்திருக்கும்! எனவே பெரிய டேபிள்களுக்கு இந்த அளவைத் தனியாகக் குறைத்து வைப்பார்கள். வேலைக்கு நடுவே அது எடுக்கும் ஓய்வும் 20 மில்லி செகண்டாக இருந்தது. 2019-ல் 12-ஆம் பதிப்பில் 2 ஆகக் குறைக்கப்பட்டது.

"வேகம் குறைகிறது" என்று சிலர் இதை நிறுத்திவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொடுக்கப்படும் எண் 32 பிட் அளவுதான். சுமார் 200 கோடி எண்கள் கடப்பதற்குள் பழைய பதிவுகளை வாக்யூம் முத்திரையிட்டு வைக்க வேண்டும். வேலை பின்தங்கி எல்லை நெருங்கினால், தகவலைக் காப்பாற்றுவதற்காக டேட்டாபேஸ் எழுதுவதையே நிறுத்திவிடும். 2015-ல் சென்ட்ரி சேவையும், 2019-ல் மேண்ட்ரில் மின்னஞ்சல் சேவையும் இப்படித்தான் முடங்கின.

எனவே நிர்வாகிகள் மூன்றைப் பார்க்கிறார்கள்: எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கிறது, கடைசியாக எப்போது கூட்டப்பட்டது, பழைய எண்ணின் வயது என்ன. மணிக்கணக்கில் முடிக்காமல் விடப்பட்ட ஒரே ஒரு டிரான்சாக்‌ஷன் இருந்தாலும், அதற்குப் பின் சேர்ந்த குப்பையைக் கூட்ட முடியாது. எத்தனை முறை வாக்யூம் ஓடினாலும் பயன் இல்லை. ஆட்டோவாக்யூம் தொல்லை தந்தால் நிறுத்துவது தீர்வல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி ஓட விடுவதே தீர்வு.