சாம்பலும் உவரும்: அருப்புக்கோட்டை வறண்ட நிலத்தில் மூலகத் தொகுதிகளின் சரித்திரம்

அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே குண்டாற்றங்கரைத் திருச்சுழி வரை விரிந்து கிடக்கும் வானம் பார்த்த பூமியில், பெய்த மழை ஓடி வடிவதினும் வெயிலில் ஆவியாவதே மிகுதியாதலால், மண்ணடி உப்புகள் நீரோடு மேலேறி, நீர் போனபின் தரையிலேயே தங்கிவிடுகின்றன. இத்தகைய நிலங்களில் கோடையில் வெண்பொருக்காகப் பூக்கும் உவர்மண்ணைச் சலவைத் தொழிலோர் துணி வெளுக்க அள்ளிச் சென்றனர். வீட்டுப் பெண்டிரோ அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கினர். இரண்டும் காரப் பொருள்களே. ஆயினும் உவரின் சத்து சோடியம், சாம்பலின் சத்து பொட்டாசியம். ஒரே தொகுதியில் பிறந்த இவ்விரு மூலகங்களுள் ஒன்று தரையிலும் மற்றொன்று செடியிலுமாகப் பிரிந்து நின்றது எதனால் என்ற வினாவே இவ்வட்டாரத் தொழில்களின் இரசாயன சரித்திரத்துக்கு வாயிலாகும்.

1807 அக்டோபரில் இலண்டனில் ஹம்ஃப்ரி டேவி சில நாள் இடைவெளியில் இவ்விரண்டையும் மின்சாரத்தால் பிரித்தெடுத்தார். லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்றும், கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் என்றும் டோபரைனர் 1829-இல் மும்மூன்றாகக் கோத்த குடும்பங்கள், மெண்டலீவ் 1869-இல் வகுத்த ஆவர்த்தன அட்டவணையில் நிலைபெற்றன. தண்ணீரில் இட்டால் லித்தியம் அமைதியாகக் குமிழியிடும். சோடியம் தன் சூட்டிலேயே உருகி, உருண்டையாகி நீர்மேல் ஓடும். பொட்டாசியமோ விழுந்த மாத்திரத்தில் ஊதாச் சுடருடன் பற்றிக்கொள்ளும். தொகுதியில் கீழே செல்லச் செல்ல அணு பருத்து, புற எலக்ட்ரான் கருவின் பிடியிலிருந்து எளிதில் நழுவுவதே காரணம். பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விடத்திலேயே நின்றுவிடுவது பெருங்குறை என்பது என் கருத்து. ஏனெனில், எலக்ட்ரானை இழந்து அயனியானபின், அதே பருமன் வேற்றுமை எதிர்மாறான பலனைத் தருகிறது: சிறிய சோடியம் அயனி நீரை இறுகப் பற்ற, பெரிய பொட்டாசியம் அயனி நீர்ப்போர்வையை எளிதில் களைந்துவிடுகிறது. ஆகவேதான் கரிசலின் களிமண் பொட்டாசியத்தைப் பிடித்து வைத்துச் செடிக்கு ஊட்ட, சோடியம் நீரோடு அலைந்து உவராகிறது.

இந்தச் சூக்ஷ்ம பேதத்தின் மேல்தான் இச்சீமையின் தீத்தொழில் நிற்கிறது. மலிவான சோடியம் நைட்ரேட் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசியுமாதலால், வெடிமருந்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட்டாகிய வெடியுப்பையே பழங்காலந்தொட்டு நாடினர். வெண்பாஸ்பரஸ் தீக்குச்சிகளை இந்தியச் சட்டம் 1913-இல் விலக்கியபின், கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் மேற்கே சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டனர். கட்டை அடுக்கி, மெழுகேற்றி, மருந்தில் முக்கிக் காயவைக்கும் குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரப் பசையும்; பெட்டியின் பக்கத்தில் இருப்பது செம்பாஸ்பரஸ். உரசும் கணத்தில்தான் பாஸ்பரஸும் குளோரேட்டும் சந்திக்கின்றன. பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் குளோரேட்டை வைத்தால், ஐப்பசி அடைமழைக்குக் குச்சி நமத்துப்போகும். குளோரேட்டும் கந்தகமும் கலந்த கலவை உரசலுக்கே வெடிக்க வல்லதாதலால், பட்டாசுகளில் அக்கலவை 1992-இல் தடைசெய்யப்பட்டது.

கால்சியம், ஸ்ட்ரான்ஷியம், பேரியம் அடங்கிய இரண்டாம் தொகுதியிலும் இதே கதைதான். கால்சியம் நைட்ரேட் ஈரத்தைக் குடித்துத் தானே கரைந்துவிடும். ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் அவ்வளவு கெடாமல் மத்தாப்புக்குச் செந்நிறம் ஈயும். பேரியம் நைட்ரேட்டோ ஈரக்காற்றிலும் உலர்ந்த தூளாகவே கிடந்து, பச்சை நிறத்துக்கும், கம்பி மத்தாப்பில் அலுமினியத் தூளும் இரும்புத் துகளும் எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவுக்கும் ஆதாரமாயிற்று. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நச்சுடையன. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசுகளில் அவற்றை விலக்கியபோது தொழில் தத்தளித்ததற்குக் காரணம் வியாபாரம் மட்டுமன்று; பச்சை ஒளியையும் ஈரத்துக்கு அசையாத சுபாவத்தையும் ஒருங்கே உடைய மூலகம் அத்தொகுதியில் பேரியத்துக்கு மேலே இல்லை; கீழே இருப்பதோ கதிரியக்கமுள்ள ரேடியம்.