குருதிச் சிறுதட்டும் சந்தையும்

குருதியை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கிய விஞ்ஞானிகள் நெடுங்காலம் செங்குழியங்களையும் வெண்குழியங்களையுமே பெரிதாகக் கருதினர். அவற்றிடையே மிதந்த நுண்துகள்களைச் சிதைந்த கலங்களின் எச்சமென்று ஒதுக்கியோரும் உளர். இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த ஜூலியோ பிசொசேரோ 1882ஆம் ஆண்டில் அவற்றின் பெருமையை நிலைநாட்டினார். காயமுற்ற குருதிக்குழாயின் சுவரில் முதலில் ஒட்டித் திரண்டு பெருக்கை அடைப்பவை இச்சிறுதட்டுக்களே என்பதை அவர் கண்டார்.

1910இல் பொஸ்ரன் நகரில் வில்லியம் டியூக், சிறுதட்டுக் குறைவால் குருதி பெருகிய நோயாளர்க்குப் பிறர் குருதியை ஏற்றி, பெருக்கு நிற்பதைக் காட்டினார். பிற்காலத்தில் பிளாஸ்டிக் பைகள் வந்தபின், சிறுதட்டுக்களைத் தனியே பிரித்தெடுத்தல் எளிதாயிற்று. அவற்றைக் குளிரூட்டாது 22 பாகை வெப்பத்தில் வைத்தலே நன்று என்பதை 1969இல் மேர்பி, கார்ட்னர் ஆகியோர் நிறுவினர். குருதிப் புற்றுநோயுற்ற எண்ணற்ற குழந்தைகள் குருதி பெருகி மாளாது காக்கப்பட்டனர். முகமறியாத மனிதர் விலை கேளாது ஈந்த குருதியே இதனைச் சாதித்தது.

சிறுதட்டு காயத்தை அடைப்பதோடு நின்றுவிடுவதில்லை. கலங்களைப் பெருகத் தூண்டும் பொருளொன்றும் அதிலிருந்து வெளிப்படுவதை 1974இல் ரசல் றொஸ் குழுவினர் அறிவித்தனர். இவ்வறிவே புதியதொரு சிகிச்சைக்கு வித்திட்டது. நோயாளியின் குருதியையே எடுத்து, உறையாதிருக்கச் சித்திரேற்றுச் சேர்த்து, மையநீக்கியில் சுழற்றுவர். பாரமான செங்குழியங்கள் அடியில் தங்கும். மேலுள்ள திரவத்தை மீண்டும் சுழற்றினால், இயல்பைவிடப் பன்மடங்கு சிறுதட்டுச் செறிந்த திரவவிழையம் கிடைக்கும். 1998இல் மயாமியில் றொபேட் மார்க்ஸ் குழுவினர் தாடையென்பு ஒட்டுச் சிகிச்சையில் இதனைச் சேர்த்து, என்பு விரைவாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்ததாக எழுதினர்.

அதன்பின் நிகழ்ந்தது விந்தை. பல் வைத்தியத்திலிருந்து மூட்டு வைத்தியத்துக்கும், விளையாட்டு வீரரின் தசைநாணுக்கும், ஆறாத புண்ணுக்கும், வழுக்கைத் தலைக்கும், முகச் சுருக்கத்துக்கும் இத்திரவம் பரவியது. சான்றோ அவ்வேகத்தில் வளரவில்லை. 2010இல் நெதர்லாந்தில் குதிநாண் நோயுற்ற 54 பேரிடமும், 2021இல் அவுஸ்திரேலியாவில் முழங்கால் மூட்டுத் தேய்வுற்ற 288 பேரிடமும் நடந்த பரிசோதனைகளில், இத்திரவம் வெறும் உப்புநீரைவிட மேலானதாகக் காணப்படவில்லை. வேறு சில நோய்களில் நன்மை கண்டதாகக் கூறும் ஆய்வுகளும் உள. ஆனால், தயாரிக்கும் முறை இடத்துக்கிடம் வேறுபடுவதால் அவற்றை ஒப்பிடுதல் அரிது.

சான்று பின்தங்க, வாணிபம் முந்தியதேன்? புதிய மருந்தொன்று விற்பனைக்கு வருமுன் அதன் பயன் பரிசோதனைகளால் நிறுவப்படவேண்டும். நோயாளியின் சொந்தக் குருதியோ பல நாடுகளில் அவ்வாறான மருந்தாக எண்ணப்படுவதில்லை. அமெரிக்காவில் திரவத்தைத் தயாரிக்கும் சாதனங்களுக்கே அனுமதி வழங்கப்பட்டது. இவ்விடைவெளியிலேயே தனியார் சிகிச்சை நிலையங்கள் செழித்தன. வலியால் வாடும் தொழிலாளி தன் குருதியையே பணங்கொடுத்து மீளப் பெறுகிறான். பயன் உண்டா என்று கேட்கும் உரிமை அவனுக்கு உணர்த்தப்படுவதில்லை.

குற்றம் மையநீக்கியிலும் இல்லை, சிறுதட்டிலும் இல்லை. ஈகையாய் வந்த குருதி குழந்தைகளைக் காத்தபோது பயன்பட்டதும் இதே அறிவுதான். எதை, எவருக்கு, எச்சான்றின்மேல் அளிப்பது என்பதைப் பொதுமக்களுக்குப் பொறுப்பான மருத்துவம் தீர்மானிக்கவேண்டும். இலாபம் தீர்மானித்தல் ஆகாது. அவ்வினாவைக் கேட்கப் பழக்குதல் விஞ்ஞானம் கற்பிப்போரின் கடமையாகும்.