விசாரணைக்கு வந்த நாள்

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர் ஸ்டேன் சுவாமி. இயேசு சபைப் பாதிரியார். ஜார்க்கண்ட் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8-ல் ராஞ்சியில் கைதானபோது அவருக்கு வயது 83. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார்.

பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். உறிஞ்சிக் குடிக்கும் குவளை ஒன்றுக்காக நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. அந்த வயதில் தண்ணீர் டம்ளரைப் பிடிப்பது என்ன பாடு என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடல்நிலையைக் காட்டிக் கேட்ட ஜாமீனைச் சிறப்பு நீதிமன்றம் அந்த அக்டோபரிலேயே மறுத்தது. அடுத்த மார்ச்சில் வழக்கமான ஜாமீனும் இல்லை என்றாயிற்று. உபா சட்டத்தில், குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கிடையாது.

மும்பை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். மே மாதம் சிறையிலிருந்து காணொலியில் பேசியபோது, அரசு ஆஸ்பத்திரி வேண்டாம், தம் மக்களோடு இருக்க வேண்டும் என்றார். மே 28-ல் தனியார் மருத்துவமனைக்கு மாற்றும் உத்தரவு மட்டும் கிடைத்தது.

ஜூலை 5 அன்று மனு மறுபடி விசாரணைக்கு வந்தது. அன்று மதியமே அவர் இறந்துவிட்டதாக மருத்துவமனை டாக்டர் நீதிபதிகளிடம் தெரிவித்தார். அவர் மீதான வழக்கின் விசாரணை அதுவரை தொடங்கவேயில்லை.