கதைதான் முக்கியம்னா சினிமாவே பார்க்கலாமே... ஸ்டோரி கேம்ல கேம்ப்ளே எதுக்கு? ‘வெண்பா’ சொல்லும் பதில்

"கதை பார்க்கணும்னா படம் பார்க்க வேண்டியதுதானே, எதுக்கு பட்டனைத் தட்டிட்டு இருக்க?" ஸ்டோரி கேம் விளையாடும் பலரும் வீட்டில் கேட்டிருக்கும் கேள்வி இது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘வெண்பா’ கேமில் இதற்கு நல்ல பதில் இருக்கு.

கேம்ப்ளே என்றால் என்ன?

ஒரு கேமில் நாம் செய்யும் வேலைகள்தான் கேம்ப்ளே. ஓடுவது, சுடுவது, புதிரை விடுவிப்பது, பதிலைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதில் அடங்கும். நடுநடுவே சினிமா மாதிரி ஓடும் காட்சிகளுக்கு கட்சீன் என்று பெயர். அதில் நமக்கு வேலை இல்லை, பார்த்தால் போதும்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க விளையாடும் பரமபதத்தை எடுத்துக்கோங்க. பாம்பு என்றால் பாவம், ஏணி என்றால் புண்ணியம். மேலே போய்ச் சேரும் நேரத்தில் பாம்பு வாயில் மாட்டிச் சரிந்தால் ‘ஐயோ’ என்று வாய்விட்டுக் கத்துகிறோம். உருட்டியது நம் கை என்பதால்தான் அந்தப் பதற்றம்.

‘வெண்பா’வில் என்ன நடக்கிறது?

கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட கேம் இது. 1980-களில் கனடாவில் குடியேறிய வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. விளையாடி முடிக்க ஒன்றரை மணி நேரம் போதும். 2024-ல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது.

நம் வேலை சமைப்பது. வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கு. ஆனால் பக்கங்கள் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கு. இட்லியோ புட்டோ, விடுபட்ட படியை நாம்தான் யோசித்துக் கண்டுபிடிக்கணும். தப்பாகச் செய்தால் தண்டனை கிடையாது, மறுபடி செய்யலாம்.

இதில் கதை எங்கே?

அந்த அழிந்த எழுத்தில்தான். சிதம்பரத்தில் இருக்கும் அம்மா, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு கொத்சு செய்முறையை எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘கத்தரிக்காயை’ என்பதற்குப் பிறகு தண்ணீர் பட்டு எல்லாம் அழிந்துவிட்டது. சுடணுமா, வதக்கணுமா? கேட்கலாம் என்றால் அம்மா இப்போது உயிரோடு இல்லை. படத்தில் இதைப் பார்த்தால் அந்த மகனுக்காகப் பரிதாபப்படுவோம். கேமில் விடை தெரியாமல் திணறுவது நாமே.

ஊரை விட்டுப் போனவர்கள் எதை இழக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளிடம் தமிழ் எப்படித் தேய்கிறது என்பதை ‘வெண்பா’ பிரசங்கம் செய்யாமல் சொல்லிவிடுவது இப்படித்தான்.

எப்போது சொதப்பும்?

கதை ஒரு பக்கமும் கேம்ப்ளே இன்னொரு பக்கமும் இழுக்கும்போது. கட்சீனில் ஹீரோ ரொம்ப நல்லவர், ஆனால் விளையாடும்போது நூறு பேரைச் சுட்டுத் தள்ளுகிறார் என்றால் எப்படி ஒட்டும்? 2007-ல் ‘பயோஷாக்’ கேமை விமர்சித்து எழுதிய கேம் டிசைனர் கிளிண்ட் ஹாக்கிங், இந்த முரண்பாட்டுக்கு ஒரு பெயரே வைத்தார். இன்றும் கேம் விமர்சனங்களில் அது அடிபடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம், 2013-ல் வந்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. எல்லையில் பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் மொத்த வேலையும். ஆவணம் சரியில்லாத ஒருவர் கெஞ்சுகிறார். விட்டால் நம் சம்பளத்தில் கை வைப்பார்கள், வீட்டில் குடும்பம் பட்டினி. முத்திரை நம் கையில். என்ன செய்வீங்க?

அடுத்து ஒரு ஸ்டோரி கேம் விளையாடும்போது இதைக் கவனியுங்க: கட்சீன்களை மட்டும் யூடியூபில் பார்த்தாலும் அதே உணர்வு வருமா? வரும் என்றால் அங்கே கேம்ப்ளே வெறும் இடைவேளை. வராது என்றால், உங்கள் கையும் சேர்ந்துதான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கு.