மிளகாய் நாற்றும் உயிர்த் தண்ணீரும்



காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் இட்லியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மூங்கிற் குடலையில் இட்டு அவிப்பது அது. அதில் மிளகாய் இல்லை. காரத்துக்கு மிளகையே நம் முன்னோர் நம்பியிருந்த காலத்தை அது நினைவூட்டுகின்றது.

மிளகாய் நம் நாட்டுச் செடி அன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பசு மேற்கே கடல் கடந்த பின்னரே பிற கண்டத்தார் அதனை அறிந்தனர். 1498இல் வாசுகோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது மிளகை நாடியே. ஆயினும், மிளகைக் கொண்டுசெல்ல வந்த அப்போர்த்துக்கீசியரே பதினாறாம் நூற்றாண்டில் மிளகாயை இங்குக் கொணர்ந்தனர். மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் தமிழர் அதற்கு மிளகாய் எனப் பெயரிட்டனர்.

பெயரிடுவது எளிது, பிழைக்க வைப்பதன்றோ அரிது? மிளகாயை நாற்றங்காலில் விதைத்து, ஏறக்குறைய 40 நாள் நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டும். நெல்லையும் கேழ்வரகையும் நாற்று விட்டு நட்டுப் பழகிய நம் உழவருக்கு அவ்வித்தை புதிதன்று.

நாற்றைப் பிடுங்கும்போது நுண்ணிய வேர்கள் பல அறுந்துவிடுகின்றன. இலைகளோ நீரை ஆவியாக வெளியிட்ட வண்ணமே இருக்கும். வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலை அது! ஆகவே, பிடுங்குமுன் நாற்றங்காலை நனைத்து, வெயில் தாழ்ந்த பின் நட்டு, உடனே நீர் பாய்ச்சுவர். அந்நீர் மண்ணை வேரோடு படிய வைக்கும். மூன்றாம் நாள் மீண்டும் ஒரு முறை பாய்ச்சுவர். அதற்கு உழவர் இட்ட பெயர் 'உயிர்த் தண்ணீர்'. பின்னர் மண்ணின் ஈரம் பார்த்தே மடை திறப்பர். ஓயாது நீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடையாது. அழுகல் நோய் பற்றும். வாடிய செடியைக் கண்டு இரங்கி, ஈர மண்ணிலேயே மேலும் நீர் ஊற்றுவது அதனைக் கொல்வதாகும்.

நீரை அளந்து ஆளும் இந்த அறிவு இம்மண்ணில் மிளகாயினும் பழமையானது. காஞ்சிக்குத் தெற்கே உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையால் தேர்ந்த முப்பதின்மரில் பன்னிருவர் தோட்ட வாரியத்துக்கும் அறுவர் ஏரி வாரியத்துக்கும் உரியவர் என அவை கூறுகின்றன. பயிரையும் நீரையும் ஊரின் பொதுக் கடமையாகக் கருதிய மக்கள் அவர்கள். அவர்கள் மிளகாயைக் கண்டதில்லை. ஆயினும் அது வந்தபோது அதனை ஏற்பதற்கு ஏரியும் கிணறும் கைப்பழக்கமும் இங்கே ஆயத்தமாக இருந்தன.

மாடு பூட்டிக் கவலை இறைத்த நாளில் ஒவ்வொரு சால் நீருக்கும் உழைப்பு இருந்தது; அளவு தானே அமைந்தது. இன்று மின்சார மோட்டார் விசையைத் தட்டினால் நீர் கொட்டுகின்றது. அளவு இப்போது நம் அறிவில்தான் இருக்க வேண்டும். சொட்டுநீர்ப் பாசனம் அதற்குத் துணை செய்யும் புதிய கருவியே.

மாணவர்களே, பள்ளித் தோட்டத்தில் நாலு நாற்று நட்டுப் பாருங்கள். நீர் ஊற்றுமுன் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பொறுத்திருங்கள். வெளிநாட்டுச் செடியொன்று நம் வீட்டுப் பயிரான வரலாறு, அந்தப் பொறுமையில்தான் அடங்கியிருக்கின்றது.